கோப்பு சர்வர் யார் பேச்சை நம்புகிறது?

உங்கள் லேப்டாப்பில் ரூட் அனுமதி, அதாவது முழு நிர்வாக அதிகாரம், உங்களிடமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தின் பொதுக் கோப்பு சர்வரில் கணக்குப் பிரிவின் ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. திறந்து பார்த்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. ஆனால் அதன் உரிமையாளரின் பயனர் எண் 1001 என்பது பட்டியலில் தெரிகிறது. உங்கள் லேப்டாப்பிலேயே 1001 என்ற எண்ணோடு ஒரு பயனரை உருவாக்குகிறீர்கள். பெயர் என்னவாகவும் இருக்கட்டும். அந்தப் பயனராக மாறுகிறீர்கள். ஃபோல்டர் திறந்துகொள்கிறது.

கடவுச்சொல் எதையும் உடைக்கவில்லை, மென்பொருளில் ஓட்டை தேடவில்லை. இரண்டே கட்டளைகள். நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறை அதன் இயல்பான அமைப்பில் இப்படித்தான் வேலை செய்யும். நான் பராமரித்த ஒரு சர்வரில் இதைச் செய்துகாட்டியவர் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவர். அதற்கு முந்தைய வாரம்தான் அந்த ஃபோல்டருக்கு உரிமையாளர் மட்டுமே திறக்கக்கூடிய 700 அனுமதி கொடுத்துவிட்டு, இனி யாரும் உள்ளே போக முடியாது என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன்.

பொதுக் கோப்பு சர்வருக்கு எந்த நெறிமுறை நல்லது என்று தேடினால் வேக அளவீடுகள்தான் முதலில் கண்ணில் படும். பத்துப் பேரோ ஐம்பது பேரோ ஆவணங்களைத் திறந்து மூடும் இடத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் உணரப்போவதில்லை. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. 'நான் இன்னார்' என்று ஒரு கோரிக்கை வரும்போது சர்வர் எதை வைத்து அதை நம்புகிறது? எந்திரத்தின் பேச்சை நம்புகிறதா, ஆளையே தனியாகச் சரிபார்க்கிறதா, கையில் உள்ள சாவியைப் பார்க்கிறதா, இல்லை நடுவில் நிற்கும் ஒரு செயலியிடம் பொறுப்பை விட்டுவிடுகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

எந்திரத்தின் பேச்சை நம்பும் என்எஃப்எஸ்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கிய காலத்தில், மேசை மேல் இருந்த பணிநிலையத்துக்கும் உள்ளறையில் இருந்த சர்வருக்கும் பெரும்பாலும் ஒரே நிர்வாகி. ரூட் கடவுச்சொல் அவரிடம் மட்டும் இருக்கும். அதனால், 'இந்தக் கோரிக்கை 1001-ஆம் எண் பயனருடையது, இவர் இன்னின்ன குழுக்களில் இருக்கிறார்' என்று பணிநிலையம் சொன்னால் சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும், நீங்கள் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர் இதே பழக்கத்தைத்தான் தொடர்கிறது. இதற்கு 'சிஸ்' முறை என்று பெயர். இடையில் மாறியது வெளியே உள்ள நிலைமைதான்: இப்போது ஒவ்வொருவர் பையிலும் அவரே ரூட்டாக இருக்கும் ஒரு லேப்டாப்.

இதைச் சொன்னதும் 'ரூட் ஸ்குவாஷ் இருக்கிறதே' என்று பதில் வரும். இருக்கிறது, இயல்பாகவே இயங்கவும் செய்கிறது. கிளையன்டின், அதாவது சர்வரை நாடும் எந்திரத்தின், ரூட்டை 'நோபடி' என்னும் அதிகாரமற்ற பயனராக அது மாற்றிவிடும். ஆனால் அது கண்காணிப்பது பூஜ்யம் என்ற ஒரே ஓர் எண்ணை. ரூட்டாக இருப்பவர் 1001 என்றோ 1002 என்றோ வேடம் போட்டு வந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும் 'செக்யூர்' விருப்பமும் அதே கதைதான். அந்தப் போர்ட்டைப் பிடிக்க ரூட் வேண்டும்; லேப்டாப்காரரிடம் இருப்பதே அதுதான். மிஞ்சுவது ஐபி முகவரிப் பட்டியல். அதே நெட்வொர்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு, அணைத்து வைத்திருக்கும் ஒரு எந்திரத்தின் முகவரியை எடுத்துக்கொள்வது பெரிய வித்தையில்லை.

எந்த ஃபோல்டரை எந்த எந்திரத்துக்குத் திறக்கலாம் என்று சர்வரில் எழுதி வைக்கும் ஏற்றுமதிக் கோப்பில் ஒரே ஒரு இடைவெளி செய்யும் வேலையும் உண்டு. எந்திரத்தின் பெயரையும் அதற்கான விருப்பங்கள் உள்ள அடைப்புக்குறியையும் ஒட்டி எழுத வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால், பெயர் சொன்ன எந்திரத்துக்கு வெறும் படிக்கும் அனுமதியும், எழுதும் அனுமதி ஊரில் உள்ள மற்ற எல்லா எந்திரங்களுக்கும் என்றாகிவிடும். ஒரு எச்சரிக்கை வரி திரையில் ஓடும். அதை நின்று படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், ஒரு வட்டுப் பிரிவின் உள்ளே இருக்கும் துணை ஃபோல்டரை மட்டும் ஏற்றுமதி செய்தால் மற்ற ஃபோல்டர்கள் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். கோப்பின் அடையாளக் குறியீட்டை ஊகிக்கத் தெரிந்தவர் அதே வட்டுப் பிரிவில் உள்ள பிறவற்றையும் எட்டிப் பிடிக்கலாம். துணை ஃபோல்டர் எல்லையைச் சரிபார்க்கும் விருப்பம் உண்டு. அது தரும் தொல்லைகளுக்காக இப்போது இயல்பாகவே அணைத்து வைக்கிறார்கள். ஏற்றுமதிக்கென்று தனி வட்டுப் பிரிவு ஒதுக்குவதே சுலபம்.

சிஸ் முறையில் இன்னொரு பழைய வரம்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரு பயனருக்கு 16 கூடுதல் குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பதினேழாவது குழுவால் கிடைக்க வேண்டிய ஃபோல்டர் காரணமே சொல்லாமல் மறுக்கும். குழுக்களை சர்வரே தேடிக்கொள்ளும்படி, ஃபோல்டரை கிளையன்டோடு இணைத்துக்கொடுக்கும் மவுண்ட் சேவையில் ஒரு விருப்பம் இருக்கிறது. அது தெரியாமல் நான் ஒரு பிற்பகல் முழுவதும் அனுமதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் சொன்னதால் என்எஃப்எஸ்ஸை ஒதுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயனர்களுக்கு ரூட் கிடைக்காத கணக்கீட்டுக் கொத்து (சேர்ந்து கணக்கிடும் பல எந்திரங்கள்), மெய்நிகர் எந்திரங்களைத் தாங்கும் சர்வர்கள், பூட்டிய அறைக்குள் தனி நெட்வொர்க்கில் ஓடும் வலைச் சர்வர்கள் ஆகியவற்றில் எந்திரத்தை நம்புவது நியாயமான ஏற்பாடு. அமைப்பது எளிது, வேகமும் உண்டு. நம்பப்படும் எந்திரங்களின் வட்டத்துக்குள் ஒரு சொந்த லேப்டாப் நுழைந்த நாளில்தான் இந்த ஏற்பாடு கெடுகிறது.

என்எஃப்எஸ் பிறந்த அதே எண்பதுகளில், ஐபிஎம் துணையோடு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஏஎஃப்எஸ் உருவானது. வளாகமெங்கும் மாணவர்கள் கையில் ஆயிரக்கணக்கான பணிநிலையங்கள் இருக்கப்போகின்றன, அவற்றில் எதையும் நம்பக் கூடாது என்பதையே அவர்கள் தொடக்க நிபந்தனையாக வைத்தார்கள். ஆளைச் சரிபார்க்க கெர்பரோஸ் முறை, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஏழு வகை உரிமைகள். போடும் உரிமையை மட்டும் கொடுத்துப் படிக்கும் உரிமையைக் கொடுக்காமல் விடலாம். மாணவர்கள் விடைத்தாளைப் போட்டுவிட்டுப் போகலாம், அடுத்தவர் போட்டதைப் பார்க்க முடியாது. இன்று புதிதாக ஏஎஃப்எஸ் நிறுவச் சொல்ல மாட்டேன், பராமரிக்க ஆள் கிடைப்பது கடினம். ஆனால் அவர்களுடைய அந்த நிபந்தனை இன்று எல்லா அலுவலகங்களுக்கும் பொருந்துகிறது.

கெர்பரோஸ் சேர்ந்த என்எஃப்எஸ்

என்எஃப்எஸ்ஸிலேயே ஆளைச் சரிபார்க்கும் வழி உண்டு. ஒவ்வொரு பயனரும் கெர்பரோஸ் சர்வரிடம் ஒரு சீட்டு வாங்கி, அதைக் கோப்பு சர்வரிடம் காட்ட வேண்டும். மூன்று படிகள் இருக்கின்றன. கேஆர்பி5 என்பது ஆளை மட்டும் உறுதி செய்யும். கேஆர்பி5ஐ (krb5i) என்பது, வழியில் தரவு மாற்றப்படவில்லை என்பதையும் உறுதி செய்யும். கேஆர்பி5பி அதோடு எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துவிடும். மூன்றாவதற்கு வேகத்தில் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டும். ஆவண சர்வருக்கு நான் தயங்காமல் அதைத்தான் எடுப்பேன்.

முதலில் சொன்ன 1001 வித்தை இங்கே செல்லாது. லேப்டாப்பில் யார் ரூட்டாக இருந்தாலும், அந்த லேப்டாப்பில் உள்நுழைந்திருப்பவர்களின் சீட்டுகளைத்தான் திருட முடியும். அங்கே வராதவரின் சீட்டு அங்கே இருக்காது. சேதத்துக்கு ஓர் எல்லை விழுந்துவிடுகிறது.

தொல்லை அன்றாடப் பராமரிப்பில் இருக்கிறது. எந்திரங்களின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் வழக்கமான அமைப்பில் சீட்டு செல்லாது. எந்திரப் பெயரை முகவரியாக மாற்றும் பெயர் தீர்வு சரியாக இல்லாவிட்டால் எதுவும் ஓடாது, பிழைச் செய்தியோ வேறெங்கோ கை காட்டும். எல்லாவற்றையும் விட மோசமானது இரவு வேலைகள். மாலையில் பயனர் தொடங்கிவிட்டுப் போன நீண்ட கணக்கீடு, நள்ளிரவில் சீட்டு காலாவதியானதும் 'அனுமதி இல்லை' என்று நின்றுபோகும். இதற்கென்று சேவைக் கணக்கு, சாவிக் கோப்பு, சீட்டைப் புதுப்பிக்கும் துணைச் சேவை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியோ ஃப்ரீஐபிஏவோ ஏற்கெனவே ஓடும் இடம் என்றால் இது தாங்கக்கூடிய சுமை. கோப்பு சர்வருக்காக மட்டும் கெர்பரோஸை முதன்முதலாக நிறுவப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

இப்போது, இணையதளங்கள் பயன்படுத்தும் மறையாக்க முறையான டிஎல்எஸ் சேர்த்த என்எஃப்எஸ்ஸும் வந்திருக்கிறது. அதன் தரநிலை 2022-இல் வெளியானது. நல்ல வரவு, ஆனால் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. கம்பியில் ஓடும் தரவை அது மறைக்கிறது. இரு பக்கமும் சான்றிதழ் வைத்தால், பேசுவது நமக்குத் தெரிந்த எந்திரம்தான் என்பதும் உறுதியாகும். அந்த எந்திரம் 'இவர் 1001' என்று சொன்னால் சர்வர் முன்போலவே தலையாட்டும். பூட்டிய குழாய் வழியாகச் சொன்னாலும் பொய் பொய்தான். ஐபி பட்டியலை விடப் பல மடங்கு மேலான காவல் என்றாலும், எந்திரத்தை நம்பும் ஏற்பாட்டின் திருத்திய பதிப்புதான் இது.

எஸ்எம்பி: ஆளைப் பார்க்கும், ஆனால் பழைய பாவங்கள் உண்டு

விண்டோஸ் உலகின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியில் சர்வரோடு தொடர்பு தொடங்கும்போதே பயனர் தன்னை நிரூபிக்க வேண்டும். கெர்பரோஸ் சீட்டாக இருக்கலாம், பழைய என்டிஎல்எம் கடவுச்சொல் முறையாகவும் இருக்கலாம். யார் இவர், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பதை சர்வர் தானே முடிவு செய்கிறது, கிளையன்ட் சொல்வதைக் கேட்பதில்லை. சொந்த லேப்டாப்கள் புழங்கும் அலுவலகத்துக்கு இந்த ஒரு காரணம் போதும், நான் எஸ்எம்பி பக்கம் சாய. ஆக்டிவ் டைரக்டரி இல்லாவிட்டாலும், லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சம்பா ஓடும் தனி ஒரு சர்வரில் பயனர், கடவுச்சொல் வைத்தே இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும். கெர்பரோஸ் வேண்டிய என்எஃப்எஸ்ஸோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதி.

லினக்ஸ் கிளையன்டுகளில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஸ்எம்பி பகிர்வை ஒருவருடைய கடவுச்சொல்லைக் கொடுத்து மவுண்ட் செய்தால், அந்த எந்திரத்திலிருந்து போகும் எல்லாக் கோரிக்கைகளும் சர்வருக்கு அந்த ஒருவருடையதாகவே தெரியும். பலர் பகிரும் லினக்ஸ் எந்திரம் என்றால், கெர்பரோஸோடு 'மல்ட்டியூசர்' விருப்பத்தையும் சேர்த்து மவுண்ட் செய்ய வேண்டும்.

பாவங்கள் பெரும்பாலும் முதல் பதிப்பைச் சேர்ந்தவை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல் புகுந்த வழி எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். சம்பா ஆட்கள் சிரிக்கவும் வழியில்லை. எழுதும் அனுமதி உள்ளவர் ஒரு நிரல் நூலகத்தைப் போட்டு சர்வரிலேயே ஓடவைக்கக்கூடிய ஓட்டை ஒன்று அதே மே மாதம் சம்பாவிலும் வெளிப்பட்டது. விண்டோஸ் 10-இல் 2017 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. சம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாக அணைத்துவிட்டது.

பிறகு ஏன் இன்னும் பல இடங்களில் அது ஓடுகிறது? பெரும்பாலும் மூலையில் நிற்கும் ஒரு பழைய நகல் எந்திரத்துக்காக. ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடும் அந்த எந்திரத்துக்கு எஸ்எம்பி 1 மட்டுமே பேசத் தெரியும். அதற்காக மொத்த சர்வரிலும் பழைய கதவைத் திறந்து வைக்கிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது அதற்கென்று தனியாக ஒரு சிறு எந்திரத்தை வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் நகல் எந்திரத்தை மாற்றுங்கள்.

கையொப்பம், மறையாக்கம் என்று எஸ்எம்பியில் இரண்டு தனித்தனி விருப்பங்கள் உண்டு, பலர் குழப்பிக்கொள்வார்கள். கையொப்பம், வழியில் யாரும் தரவை மாற்றவோ, நடுவில் நின்று ஒருவருடைய உள்நுழைவைத் தன் பயனுக்குத் திருப்பிவிடவோ முடியாமல் தடுக்கும். ஒட்டுக்கேட்பதைத் தடுக்காது. அதற்கு மறையாக்கம் வேண்டும், அது 2012-இல் எஸ்எம்பி 3-ஓடு வந்தது. சர்வர் முழுமைக்கும் போடலாம், சம்பளக் கோப்புகள் உள்ள ஒரு பகிர்வுக்கு மட்டும் கட்டாயமாக்கவும் செய்யலாம். 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-இன் புரோ, எண்டர்பிரைஸ் வகைகளில் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அனுமதியில் கையொப்பமிட முடியாது. அதனால் விருந்தினர் பகிர்வை நம்பியிருந்தவர்களுக்குப் புதுப்பித்த மறுநாள் ஃபோல்டர் திறக்கவில்லை. அவர்களுக்கு என் அனுதாபம் உண்டு. ஆனாலும் கையொப்பத்தை அணைத்து வழி பண்ணுவதை விட, ஒரு பயனரை உருவாக்கிக் கடவுச்சொல் வைப்பது ஐந்து நிமிட வேலைதான்.

எஸ்எம்பி பயன்படுத்தும் போர்ட் 445-ஐ இணையத்துக்கு நேரடியாகத் திறக்கவே கூடாது. வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் வழியாக வரட்டும். விண்டோஸ் சர்வர் 2025 என்றால் மறையாக்கத்தோடு ஓடும் க்விக் நெறிமுறை வழியே எஸ்எம்பி என்ற ஏற்பாடும் இருக்கிறது.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, அடுத்து என்ன அனுமதி

இரண்டு உலகங்களின் வேறுபாடு அன்றாடம் உறுத்துவது இங்கேதான். யூனிக்ஸ் வழியில் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்றே பெட்டிகள். 'கணக்குப் பிரிவு எழுதலாம், தணிக்கையாளர் படிக்கலாம், மற்ற யாருக்கும் இல்லை' என்று சொல்ல அது போதாது. அதற்காக வந்த அனுமதிப் பட்டியலான பாசிக்ஸ் ஏசிஎல் வரைவாகவே நின்று தொண்ணூறுகளின் இறுதியில் கைவிடப்பட்டது. லினக்ஸ் அந்த வரைவையே வைத்து இன்றுவரை சமாளிக்கிறது.

எளிய குழு ஃபோல்டர் ஒன்றுக்கு 2770 என்ற அனுமதி எண் போதும். முன்னால் உள்ள 2, உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகள் எல்லாம் ஃபோல்டரின் குழுவையே பெறச் செய்யும். ஆனால் புதுக் கோப்பிலிருந்து எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க், பயனருக்கு 022 ஆக இருந்தால், குழு சரியாக இருந்தும் குழுவில் உள்ள மற்றவர் எழுத முடியாது. 'நேற்று நான் போட்ட கோப்பை அவரால் திருத்த முடியவில்லை' என்ற புகார் வந்தால் பத்துக்கு எட்டு முறை இதுவாகத்தான் இருக்கும். 002 ஆக்கலாம், அல்லது ஃபோல்டரிலேயே இயல்பு ஏசிஎல் வைக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது பயனரின் அமைப்பை நம்பியிருக்காது. ஏசிஎல் வைத்த கோப்பில் யாராவது சிஎச்மாட் கட்டளையால் அனுமதியை மாற்றினால் மட்டும் ஒரு கண் வையுங்கள்: குழுவுக்கென்று கொடுக்கும் எண் அங்கே குழுவை மாற்றாது, எல்லாக் கூடுதல் அனுமதிகளுக்கும் மேல்வரம்பான முகமூடியை மாற்றும். பட்டியலில் பெயர் இருக்கும், அனுமதி செத்திருக்கும்.

விண்டோஸ் பக்கம் எதிர்ச் சிக்கல்: தேவைக்கு மேல் வசதி. பகிர்வுக்கு ஒரு அனுமதி, கோப்புக்கு ஒரு அனுமதி. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இரண்டு இடத்திலும் நுணுக்கம் காட்டினால் பைத்தியம் பிடிக்கும். பகிர்வில் உள்நுழைந்த பயனர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, கட்டுப்பாடு முழுவதையும் கோப்பு அளவில் வைப்பவன் நான். மறுப்பு எப்போதும் வெல்லும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையில்லை. மேல் ஃபோல்டரிலிருந்து மரபாக வந்த மறுப்பை, அந்தக் கோப்பின் மீதே நேரடியாகக் கொடுத்த அனுமதி வென்றுவிடும். ஆகவே மறுப்பை வைத்துக் கோட்டை கட்டாதீர்கள். தேவையில்லாதவருக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்ல மறுப்பு.

இரண்டு உலகத்துக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. கோப்பை நகலெடுத்தால் புதிய ஃபோல்டரின் விதி அதற்குப் பொருந்தும். அதே வட்டுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே வரும். இயக்குநர் தன் தனி ஃபோல்டரிலிருந்து அறிக்கையைப் பொது ஃபோல்டருக்கு நகர்த்துகிறார், யாராலும் திறக்க முடியவில்லை. இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. பொது ஃபோல்டரில் தயாரான சம்பளப் பட்டியலைப் பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்தினால், அது பொது அனுமதியோடே உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளிக்கதவு பூட்டியிருக்கும்வரைதான் அதற்குக் காவல்.

எந்த உலகமானாலும் தனி ஆளின் பெயரில் அனுமதி கொடுக்கக் கூடாது. குழுவுக்குக் கொடுத்து, ஆளைக் குழுவில் சேர்க்க வேண்டும். ஒருவர் விலகும்போது இதன் அருமை தெரியும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழுவிலிருந்து நீக்கியதும் ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்பு அறுந்துவிடாது. கெர்பரோஸ் சீட்டு ஆக்டிவ் டைரக்டரியில் வழக்கமாகப் பத்து மணி நேரம் செல்லும். வேலையை விட்டு அனுப்பப்படுபவரின் கணக்கை முடக்கினால் மட்டும் போதாது, சர்வரில் திறந்திருக்கும் அவருடைய தொடர்பையும் கையோடு மூடுங்கள்.

ஒரே ஃபோல்டரை எஸ்எம்பி வழியாகவும் என்எஃப்எஸ் வழியாகவும் திறந்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். விண்டோஸ் ஆட்களும் லினக்ஸ் ஆட்களும் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் இயல்புதான். ஆனால் விண்டோஸ் பாணி அனுமதிகளை முழுமையாகத் தர, சம்பா அவற்றைக் கோப்பின் கூடுதல் பண்புகளில் எழுதி வைக்கிறது. என்எஃப்எஸ் வழியாக வருபவருக்கு அந்தப் பண்புகள் ஒரு பொருட்டே இல்லை. அவர் பார்ப்பது யூனிக்ஸ் அனுமதியைத்தான். அத்தோடு, எஸ்எம்பியில் கவனமாகப் பூட்டியதை சிஸ் முறை என்எஃப்எஸ் பக்கவாட்டில் திறந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் உள்ள இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, விண்டோஸ் பாணிக்கு நெருக்கமான என்எஃப்எஸ்வி4 ஏசிஎல்லை நேரடியாகச் சேமிக்கும். இரண்டும் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு அது ஓரளவு நல்ல தளம். மற்றவர்கள் லினக்ஸ் எந்திரங்களையும் எஸ்எம்பியிலேயே இணைத்துவிடுவது நல்லது.

சாவியும் செயலியும்

வெளியாட்களோடு கோப்புப் பரிமாற எஸ்எஃப்டிபி. எஸ்எஸ்எச் வழியாக ஓடும் இதில் சர்வர் பார்ப்பது பயனர் கையில் உள்ள சாவியை. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2008 முதல், பயனரை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அடைக்கும் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாகவும், வேறு யாரும் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். பதிவேற்றத்துக்கு அதனுள்ளே இன்னொரு ஃபோல்டர். கட்டளை இடும் ஷெல்லையும் போர்ட் திருப்பலையும் அணைக்க மறந்தால், கோப்பு போட வந்தவர் உங்கள் நெட்வொர்க்குக்குள் சுரங்கம் தோண்டலாம். அலுவலகத்தின் அன்றாடப் பொது ஃபோல்டருக்கு இது பொருந்தாது. இரண்டு பேர் ஒரே ஆவணத்தைத் திறந்தால் தடுக்கும் பூட்டு இதில் கிடையாது. எஃப்டிபியை யாராவது பரிந்துரைத்தால், 1985-இன் தரநிலைப்படி அது கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அனுப்பும் என்று நினைவூட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நெக்ஸ்ட்கிளவுட் போன்ற வலைவழிச் செயலிகளில் சர்வர் நம்புவது செயலியை. வட்டில் உள்ள கோப்புகள் அனைத்தும் வலைச் சர்வரின் ஒரே பயனருக்குச் சொந்தம். யார் எதைப் பார்க்கலாம் என்பது தரவுத்தளத்தில் இருக்கிறது. செயலியில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தால் எல்லாருடைய கோப்பும் ஒரே நேரத்தில் திறக்கும், அதனால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். மறுபக்கம், ஃபோனில் வரும் குறியீட்டைக் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இதில் சுலபம். எஸ்எம்பியில் ஸ்மார்ட் கார்டும் கெர்பரோஸும் வைத்துச் சுற்றிவளைத்துத்தான் அப்படி ஒன்றைச் செய்ய முடியும். காலாவதி தேதியோடு இணைப்பு அனுப்புவதும் வெளியூரில் இருப்பவர் உலாவியிலேயே திறப்பதும் உண்மையான வசதிகள். ஆனால் ஒத்திசைக்கும் மென்பொருள் ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒரு முழு நகலை இறக்கி வைக்கக்கூடும். சர்வரில் எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும், அப்படி இறங்கிய நகல் விலகிப் போனவரின் லேப்டாப்போடு போய்விட்டது.

இவற்றில் எதுவும் தடுக்காத ஒன்று

உரிய ஆளின் உரிய லேப்டாப்பில் வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல் புகுந்தால், சர்வர் பார்வையில் எல்லாம் சட்டப்படி நடக்கிறது. அவருக்கு எழுதும் அனுமதி உள்ள எல்லாக் கோப்புகளும் அவர் பெயரிலேயே கெடும். இதற்கு நெறிமுறை மாற்றம் மருந்தல்ல. படித்தாலே போதும் என்பவருக்கு எழுதும் அனுமதி கொடுக்காமல் இருப்பது முதல் வேலை. மூன்று ஆண்டுக்கு முந்தைய ஆவணங்களை யாருக்கும் படிக்க மட்டும் என்று மாற்றிவிடலாம். அடுத்தது இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் அல்லது விண்டோஸின் நிழல் நகல் வழியே மணிக்கு ஒன்று என ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்துக் கோப்புகளின் மாறாத பதிவு. அதை அழிக்கும் உரிமை எந்தப் பயனருக்கும் இருக்கக் கூடாது, அன்றாடம் உள்நுழையும் நிர்வாகியின் கணக்குக்கும் கூடாது. பேக்கப் எந்திரம் சர்வரிடம் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். பேக்கப்பின் சாவி சர்வரில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். வட்டு மறையாக்கம் வட்டு திருட்டுப் போனால் மட்டுமே உதவும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அது இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான்.

சரி, எதை எடுப்பது? கிளையன்ட் எந்திரங்களில் ரூட் யாரிடம் என்று கேளுங்கள். பயனர்களிடம் என்றால் சிஸ் முறை என்எஃப்எஸ் வேண்டாம், அதில் விவாதத்துக்கே இடமில்லை. கலவையான அலுவலகத்துக்கு என் முதல் தேர்வு எஸ்எம்பி: விண்டோஸ் சர்வரோ சம்பாவோ, எஸ்எம்பி 1 அணைத்து, கையொப்பம் கட்டாயமாக்கி, முக்கியப் பகிர்வுகளுக்கு மறையாக்கம் போட்டு. எல்லாமே லினக்ஸ், கெர்பரோஸும் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கேஆர்பி5பி என்எஃப்எஸ். பூட்டிய அறைக் கொத்துக்கு சிஸ் முறையே போதும், தனி நெட்வொர்க்கில். வெளியாட்களுக்கு எஸ்எஃப்டிபி, அதையும் வேறு எந்திரத்தில். வலைவழிச் செயலி, வாராவாரம் புதுப்பிக்க ஆள் இருக்கும் இடத்துக்கு.

எதை எடுத்தாலும் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆகக் குறைந்த அனுமதி உள்ள பயிற்சியாளர் கணக்கில் உள்நுழைந்து, ஒவ்வொரு பகிர்வையும் திறக்க முயன்று பாருங்கள். நிர்வாகிக் கணக்கில் சோதித்தால் எல்லாம் திறக்கும், ஒன்றும் தெரியாது. நான் கடைசியாக இப்படிச் செய்தபோது பூட்ட வேண்டிய ஃபோல்டர்கள் எல்லாம் சரியாகவே பூட்டியிருந்தன. திறந்துகொண்டது 'ஸ்கேன்' என்ற ஃபோல்டர் மட்டும். நகல் எந்திரம் எழுத வேண்டுமே என்று யாரோ எல்லாருக்கும் முழு அனுமதி கொடுத்திருந்தார்கள். உள்ளே இரண்டு ஆண்டுச் சம்பளச் சீட்டுகளும் அடையாள அட்டை நகல்களும் தேதி வாரியாக அடுக்கி இருந்தன.